மாத்திரையைப் பொடிக்கலாமா?

கேள்வி: மாமனாருக்கு மாத்திரை விழுங்க முடியவில்லை. எல்லாவற்றையும் பொடித்துத் தயிர்சாதத்தில் கலந்து தருகிறேன். சரிதானா?
– வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: எல்லாவற்றையும் பொடிக்காதீர்கள் அம்மா. முதலில் அட்டையை எடுத்து, பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், எக்ஸ்ஆர், எக்ஸ்எல் என்று ஏதாவது போட்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால், மருந்தை மெதுவாக வெளியே விடும் வகை அது, பொடிக்கக் கூடாது. சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் எஸ்ஆரில் மருந்தோடு கலந்திருக்கும் பாலிமர் என்ற பிசின் மாதிரிப் பொருள் வயிற்றில் ஊறிக் கூழாகி, மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை வெளியே விடும். பொடித்தால் அந்த ஏற்பாடே போய், மொத்தமும் வேகமாக ரத்தத்தில் சேர்ந்துவிடும். அசிடிட்டிக்குத் தரும் பான்டோபிரசோல் கதை வேறு. வயிற்று அமிலம் பட்டாலே கெட்டுப்போகும் மருந்து அது, சிறுகுடலில் போய்த்தான் கரையவேண்டும் என்று மேலே ஒரு பூச்சு கொடுத்திருக்கிறார்கள், அதை நீங்களே உடைத்துவிட்டால் மருந்து பெரும்பாலும் வீண்தான். நடுவில் கோடு இருந்தால்? பாதியாக உடைக்கலாம் என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை.

அட்டைகளை மொத்தமாக டாக்டரிடம் காட்டி, சிரப்போ தண்ணீரில் கரையும் மாத்திரையோ கிடைக்குமா என்று கேளுங்கள். அப்புறம், தண்ணீர் குடிக்கும்போதும் அவருக்குப் புரையேறுகிறது என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள், உடனே பார்க்கவேண்டிய விஷயம் அது.