காவல் அணுக்கள் கட்டிக்குத் துணைபோவது ஏன்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பியவற்றில் நோய் எதிர்ப்பு அணுக்களையும் அழற்சியையும் புற்றுநோயையும் சேர்த்துக் கேட்டவை இங்கே இடம்பெறுகின்றன. எதிர்ப்பு சக்தியைக் கூட்டிவிட்டால் புற்றுநோய் அண்டாதா என்ற கேள்விதான் பலருடைய கடிதங்களிலும் அடிநாதமாக ஒலிக்கிறது. அந்தக் கேள்வியின் திசையே சற்றுப் பிசகியது என்று நான் கருதுவதற்கான காரணம் பதில்களின் ஊடே விளங்கும்.

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். பயாப்ஸி அறிக்கையில், கட்டிக்குள் லிம்ஃபோசைட்டுகள் மிகுதியாக இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். நோய் பரவிவிட்டது என்று பொருளா? (வாசகி, பென்னாகரம்)

இல்லை. லிம்ஃபோசைட் என்பது புற்றணு அன்று. அது உங்கள் தாயாரின் வெள்ளையணுக்களில் ஒரு வகை. கட்டிகளுக்குள் வெள்ளையணுக்கள் குடியேறியிருப்பதை ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ 1863ஆம் ஆண்டிலேயே கவனித்து, நாள்பட்ட அழற்சிக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று எண்ணினார். அவை எந்த வகை அணுக்கள், அங்கே என்ன செய்கின்றன என்பது பின்னர்தான் மெல்ல மெல்லத் தெரியவந்தது. அவற்றுள் புற்றணுவை அடையாளம் கண்டு கொல்லும் டி செல்கள் உண்டு. குறிப்பாக, ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்-2 புரதமும் இல்லாத மார்பகப் புற்றுநோயில் லிம்ஃபோசைட்டுகள் மிகுந்திருந்தால் கீமோதெரபி நன்கு வேலை செய்வதையும், நோய் திரும்பும் வாய்ப்பு குறைவதையும் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆயினும் கூட்டத்தைப் பார்த்த மாத்திரத்தில் மகிழ்ந்துவிடவும் முடியாது. உடல் தன்னையே தாக்கிக்கொள்ளாமல் மற்ற அணுக்களை அடக்கிவைக்கும் ஒழுங்காற்று டி செல்களும் அங்கே இருக்கலாம். ஜப்பானிய ஆய்வாளர் ஷிமோன் சாககுச்சி 1995இல் இனங்காட்டிய இந்த அணுக்களைப் பற்றிய ஆய்வுக்கே 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு மூவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கணுவோ இன்னும் சிக்கலானது. கிருமி வந்தால் அதை விழுங்கும் அதே அணு, காயம் ஆறும் கட்டத்தில் புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கவும் திசு வளரவும் தேவையான பொருள்களைச் சுரக்கிறது. கட்டி தன் வேதிச் சைகைகளால் அதை அந்த இரண்டாம் வேலையிலேயே நிறுத்தி வைத்துக்கொண்டு, தனக்கு வேண்டிய இரத்த ஓட்டத்தைப் பெற்றுக்கொள்கிறது. ஆகவே இந்த ஒரு வரியைத் தனியே வைத்து எதையும் முடிவு செய்யாமல், ஹார்மோன் ஏற்பி, ஹெர்-2 முடிவுகளையும் சேர்த்து உங்கள் மருத்துவரிடம் விளக்கம் கேளுங்கள்.

கிரானைட் குவாரியில் பல ஆண்டுகளாக ட்ரில்லிங் வேலை செய்கிறேன். தூசி நுரையீரலில் தங்கினால் புற்றுநோய் வரும் என்கிறார்கள். கல் தூசி எப்படிப் புற்றுநோயை உண்டாக்கும்? (வாசகர், பர்கூர்)

நம் பகுதிக்கு மிகவும் வேண்டிய கேள்வி இது. கிரானைட்டில் குவார்ட்ஸ், அதாவது படிக சிலிக்கா, கணிசமாக உள்ளது. கண்ணுக்குத் தெரியும் தூசியைவிடக் கண்ணுக்குத் தெரியாத நுண்துகளே ஆபத்தானது, ஏனெனில் அதுதான் நுரையீரலின் காற்றுப்பைகள் வரை சென்றுசேர்கிறது. அங்கே காவலிருக்கும் மேக்ரோஃபேஜ் அதைக் கிருமி என்றே பாவித்து விழுங்குகிறது. ஆனால் கல்லைச் செரிக்க எந்த நொதியாலும் முடியாது. விழுங்கிய அணுவின் செரிமானப் பை கிழிந்து, இன்டர்லூகின்-1 பீட்டா என்னும் அழற்சிச் சைகை வெளிப்பட்டு, அந்த அணு மடிகிறது. வெளியே விழுந்த துகளை அடுத்த மேக்ரோஃபேஜ் விழுங்க, அதுவும் மடிகிறது. தூசியை விட்டு விலகிய பின்னும், சிலிக்காத் தூசியால் நுரையீரல் தழும்பேறும் சிலிக்கோசிஸ் நோய் சிலருக்கு முற்றிக்கொண்டே போவதற்கு இந்த முடிவில்லாத சுழற்சியே காரணம். இதில் வெளிப்படும் ஆக்சிஜன் வேதிப்பொருள்கள் அருகிலுள்ள அணுக்களின் டிஎன்ஏவைச் சிதைக்கின்றன. ஓயாத பழுதுபார்ப்பு அந்த அணுக்களை இடைவிடாமல் பிரிந்து பெருகத் தூண்டுகிறது. பிழை சேர்ந்த அணு பெருகுவதற்கு இதைவிட வசதியான சூழல் வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் சிலிக்காத் தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது.

இன்டர்லூகின்-1 பீட்டாவை மருந்தால் தடுத்துவிடலாமே என்று தோன்றலாம். மாரடைப்பு வந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், அதைத் தடுக்கும் கனகினுமாப் பெற்றவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறைவாகவே தோன்றியது. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின; ஏற்கெனவே நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களுக்கு அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் தோற்றன. எனவே அழற்சியை அடக்குவதைவிட அழற்சியின் காரணத்தை நிறுத்துவதே மேல் என்பது என் உறுதியான கருத்து. தண்ணீர் பாய்ச்சியபடி ட்ரில் செய்ய வேண்டும் என்று கேளுங்கள். மூக்கில் கட்டும் துண்டு நுண்துகளைத் தடுக்காது என்பதால் முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் என்-95 முகக்கவசம் அணியுங்கள். புகைப்பவராயின் அதை விட்டுவிடுங்கள். சிலிக்கா காசநோய் வாய்ப்பையும் கூட்டுவதால், இரண்டு வாரங்களைத் தாண்டிய இருமலுக்கு எக்ஸ்-ரேயும் சளிப் பரிசோதனையும் கட்டாயம்.

இஎஸ்ஆர் அதிகமாக இருக்கிறது. புற்றுநோயின் அறிகுறியா? (வாசகர், பாலக்கோடு)

இஎஸ்ஆர் என்பது இரத்தச் சிவப்பணுக்கள் படியும் வேகத்தை அளக்கும் பரிசோதனை. அது உடலில் எங்கோ அழற்சி இருப்பதைச் சொல்லுமே தவிர, எங்கே, எதனால் என்று சொல்லாது. சளி, மூட்டுவாதம், காசநோய், இரத்தசோகை என எதிலும் அது கூடும். எடை குறைவு, தொடர் காய்ச்சல், கட்டி போன்ற வேறு தடயம் இல்லாமல் அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அஞ்ச வேண்டியதில்லை.

இருபது ஆண்டுகளாகப் பாக்கும் புகையிலையும் போடுகிறேன். இப்போது வாயை முழுதாகத் திறக்க முடியவில்லை, காரம் பட்டால் எரிகிறது. (வாசகர், அரூர்)

தாமதிக்காதீர்கள். பாக்கிலுள்ள அரிகோலின் என்னும் வேதிப்பொருளும் ஓயாத உராய்வும் கன்னத்தின் உட்புறத்தில் அழற்சியை நிலைநிறுத்த, எதிர்ப்பு அணுக்கள் சுரக்கும் சைகைகளால் நார்த்திசு படிந்து வாய் இறுகுகிறது. இது புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. புகையிலை கலக்காத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியானது. கட்டி என்பது ஆறாத காயம் போன்றே நடந்துகொள்கிறது என்று நோய்க்குறியியலாளர் ஹெரால்ட் ட்வோராக் 1986இல் எழுதியது உங்கள் நிலைக்கு நேரடியாகவே பொருந்தும். பாக்கு, புகையிலை இரண்டையும் இன்றே நிறுத்திவிட்டு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் அல்லது காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். மூன்று வாரங்களில் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ இருந்தால், வலி இல்லாவிட்டாலும் பயாப்ஸி செய்தாக வேண்டும்.

மாமாவுக்கு வாய்ப் புற்றுநோய் திரும்பிவிட்டது. இனி அறுவை முடியாது என்கிறார்கள். இம்யூனோதெரபிக்கு லட்சக்கணக்கில் செலவாகுமாமே? (வாசகர், ஓசூர்)

டி செல்லின் மேற்பரப்பில் பிடி-1 என்னும் புரதம் இருக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர் டசுகு ஹோன்ஜோவின் குழு அதை 1992இல் கண்டறிந்தது. தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரிக்கு பிரேக் போல, அது டி செல்லின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. புற்றணுக்கள் அந்த பிரேக்கை அழுத்தித் தப்பிக்கின்றன. நிவோலுமாப் போன்ற இம்யூனோதெரபி மருந்துகள் அந்த அழுத்தத்தை விடுவிக்கின்றன. இத்துறைக்காக ஹோன்ஜோவும் அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஆலிசனும் 2018இல் நோபல் பெற்றனர். ஆனால் எல்லோருக்கும் இது பலிப்பதில்லை. கட்டிக்குள் டி செல்லே நுழையாத நோயாளிகளிடம் விடுவிப்பதற்கு எதுவும் இல்லை.

செலவு குறித்து ஒரு நல்ல செய்தி உண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனை, குணப்படுத்த இயலாத தலை-கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடத்திய ஆய்வில், மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோட்டினிப் மாத்திரைகளோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப் சேர்க்கப்பட்டது. ஓராண்டு உயிர்வாழ்ந்தோர் விகிதம் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமாக உயர்ந்தது. வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம் என்பதை நினைத்தால் செலவில் உள்ள வேறுபாடு புரியும். அந்த மூன்று மாத்திரைகளில் செலிகாக்சிப் ஓர் அழற்சி எதிர்ப்பு மருந்து என்பதும் கவனிக்கத்தக்கது. இந்த முறை மாமாவுக்குப் பொருந்துமா என்று புற்றுநோய் மருத்துவரிடம் நேரடியாகவே கேளுங்கள். சிகிச்சை தொடங்கிய பின் வயிற்றுப்போக்கோ மூச்சுத்திணறலோ வந்தால் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், ஏனெனில் விடுபட்ட டி செல்கள் குடலையும் நுரையீரலையும் தாக்கக்கூடும்.

கீமோ நடக்கும்போது எதிர்ப்பு சக்திக்கு லேகியமும் மஞ்சள் கேப்சூலும் கொடுக்கலாமா? (வாசகி, காவேரிப்பட்டினம்)

எதிர்ப்பு சக்தி ஏற்றி இறக்கக்கூடிய ஒற்றை அளவு அன்று. எந்த அணுவைக் கூட்டுகிறீர்கள்: கொல்லும் டி செல்லையா, கட்டிக்கு உணவூட்டும் மேக்ரோஃபேஜையா? எந்த லேகியப் புட்டியிலும் இதற்கு விடை இராது. மஞ்சளின் குர்குமின் ஆய்வகத் தட்டில் அழற்சிச் சைகைகளைக் குறைப்பது உண்மை. ஆனால் உட்கொண்டதில் மிகச் சொற்பமே இரத்தத்தில் சேர்கிறது. குழம்பில் போடும் மஞ்சளால் தீங்கில்லை. செறிவூட்டிய கேப்சூல்கள் சிலருக்குக் கல்லீரலைப் பாதித்துள்ளன, கீமோ மருந்துகளும் பெரும்பாலும் கல்லீரல் வழியே செல்பவை. எனவே தவிர்த்துவிடுங்கள்.

அப்பாவின் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குக் காசநோய்த் தடுப்பூசியை உள்ளே செலுத்துகிறார்கள். அழற்சி கெடுதல் என்றால் இது எப்படி மருந்தாகும்? (வாசகர், ஊத்தங்கரை)

1976இல் கனடாவின் ஆல்வரோ மொராலெஸ் வெளியிட்ட முறை இது. இன்றும் மேற்பரப்பிலேயே நிற்கும், திரும்பிவரும் அபாயம் மிகுந்த சிறுநீர்ப்பைக் கட்டிகளுக்கு இதுவே முதன்மைச் சிகிச்சை. கெடுதல் செய்வது ஆண்டுக்கணக்கில் புகையும் அழற்சி. பிசிஜி எனப்படும் இந்தக் காசநோய்த் தடுப்பூசி தூண்டுவது குறுகிய காலக் கடும் அழற்சி. அதனால் டி செல்களும் இயற்கைக் கொல்லி அணுக்களும் சிறுநீர்ப்பைச் சுவருக்குள் திரண்டு வந்து புற்றணுக்களைத் தாக்குகின்றன. மருந்து செலுத்தியதும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சிறுநீரை அடக்கிவைக்க வேண்டும். பின் ஆறு மணி நேரத்துக்குள் கழிக்கும் சிறுநீரில் உயிருள்ள கிருமி இருக்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் கழிப்பறையில் பிளீச்சிங் கரைசல் ஊற்றிச் சிறிது நேரம் கழித்தே தண்ணீர் விடுங்கள். எரிச்சலும் லேசான காய்ச்சலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். குளிருடன் கூடிய காய்ச்சல் அதற்கு மேல் நீடித்தால் அடுத்த தவணை வரை காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள்.