முன்கண்ணாடியில் அடைத்த குழி: சொரசொரப்பு நீங்க என்ன செய்வது?

கேள்வி: முன்னால் சென்ற டிப்பர் லாரியிலிருந்து தெறித்த ஜல்லி பட்டு, என் காரின் முன்கண்ணாடியில் மிளகளவு குழியும் அதைச் சுற்றி நட்சத்திர வடிவில் சிறு விரிசல்களும் விழுந்தன. ரிப்பேர் கிட் ஒன்றை வாங்கி, அதிலிருந்த ரெசினை (விரிசலை அடைக்கும் பிசின் போன்ற திரவம்) நானே செலுத்தினேன். விரிசல்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. ஆனால் குழி இருந்த இடம் விரலுக்குச் சொரசொரப்பாக இருக்கிறது. நடுவில் பள்ளமும் தட்டுப்படுகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சமப்படுத்தலாமா?
- வாசகர், நாமக்கல்

பதில்: உப்புத்தாளை அந்தக் கண்ணாடியின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதில் ஒட்டியுள்ள துகள்கள் கண்ணாடியைவிடக் கடினமானவை. ரெசினைத் தேய்ப்பதாக நினைத்துச் சுற்றியுள்ள நல்ல கண்ணாடியையும் கீறிவிடுவீர்கள். பகலில் லேசான மங்கலாகத் தெரியும் அந்தக் கீறல்கள், இரவில் எதிர்வண்டியின் விளக்கு படும்போது ஒளியைச் சிதறடித்துக் கண்ணைக் கூசச் செய்யும். பற்பசையும் இதற்கு உதவாது. மழமழப்பு என்பது தேய்த்துக் கொண்டுவருவதன்று. குழியைச் சரியாக நிரப்பி, காயவைத்து, சீவி எடுப்பதில்தான் அது அமைகிறது.

காரின் முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளையும், அவற்றுக்கு நடுவே பாலிவினைல் பியூட்டிரால் என்னும் படலத்தையும் கொண்டது. சிறு கல் பட்டால் பொதுவாக வெளித்தகடு மட்டுமே சேதமடையும். விரிசலுக்குள் செலுத்தும் ரெசின் தண்ணீர்போல இளகியிருப்பதால்தான் மயிரிழை இடுக்கிலும் அது புகுகிறது. அதே தன்மையால் மேற்பரப்பில் உள்ள குழியில் அது நிற்பதில்லை. போதாக்குறைக்கு, ரெசின் இறுகும்போது சற்றுச் சுருங்கவும் செய்யும். உங்கள் கண்ணாடியில் உள்ள பள்ளத்துக்கு இவையே காரணமாக இருக்க வேண்டும். ஆகவே குழிக்கென்று கெட்டியான ரெசினைத் தனியாக இட வேண்டும். உங்கள் கிட்டில் ஒரே புட்டிதான் இருந்தது என்றால், அதையே மீண்டும் ஒரு சொட்டு இடலாம்; பழைய ரெசின்மீது புதியது நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

காரை நிழலில் நிறுத்தி, கண்ணாடியின் சூடு தணிந்த பிறகு தொடங்குங்கள். வெயிலில் செய்தால், நீங்கள் சரிசெய்து முடிப்பதற்குள் ரெசின் இறுகத் தொடங்கிவிடும். குழியில் தளர்ந்திருக்கும் துகள்களை ஊசிமுனையால் மெல்ல நெம்பி எடுத்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். ஈரம் சிறிதும் இருக்கக் கூடாது. ஒரு சொட்டு ரெசினைக் குழியின் விளிம்புக்குச் சற்று மேலே எழும்பி நிற்கும்படி இட்டு, கிட்டுடன் வரும் சிறிய பிளாஸ்டிக் படலத்தை ஒரு ஓரத்திலிருந்து மெதுவாகச் சாய்த்துப் படியவைத்தால், காற்றுக்குமிழி ஓரமாக வெளியேறிவிடும். பலர் இந்தப் படலத்தை அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் ரெசினின் மேற்பரப்பை இறுகவிடாமல் தடுப்பதால், படலம் இல்லாமல் காயவைத்தால் உள்ளே கெட்டியாகியும் மேலே பிசுபிசுப்பாகவே இருக்கும். அதைத் துடைக்கும்போது பள்ளம் விழுகிறது. தூசி ஒட்டிச் சொரசொரப்பும் உண்டாகிறது.

பிறகு காரை வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். புறஊதாக் கதிர்தான் ரெசினை இறுக்குகிறது. நல்ல உச்சிவெயிலில் கால் மணி நேரம் போதும் என்றாலும், அரை மணி நேரம் விட்டுவைப்பதில் நஷ்டமில்லை. படலத்தை உரித்ததும் புதிய ரேசர் பிளேடு ஒன்றை எடுத்து, கண்ணாடிக்கு நேர் செங்குத்தாகப் பிடித்து, அழுத்தாமல் சுரண்டுங்கள். பிளேடைச் சாய்த்தால் அதன் முனை ரெசினுக்கு அடியில் புகுந்து, குழியிலிருந்து அதைப் பெயர்த்தெடுத்துவிடும். செங்குத்தாகப் பிடித்தால் மேடு மட்டும் வெண்மையான பொடியாக உதிரும். திசையை மாற்றி மாற்றிச் சுரண்டுங்கள். பிளேடு எங்கும் தடைபடாமல் வழுக்கிச் சென்றால் மட்டம் வந்துவிட்டது என்று பொருள். நகத்தால் தடவும்போது இன்னும் பள்ளம் தட்டுப்பட்டால், மனம் சலிக்காமல் இன்னொரு சொட்டு இட்டு முழு வேலையையும் திரும்பச் செய்யுங்கள். கடைசியாக, ரெசினுக்கென்று விற்கும் பாலிஷை மென்துணியில் தொட்டுச் சற்றுநேரம் தேய்த்தால், சுரண்டியதால் வந்த மங்கல் நீங்கும்.

கேள்வி: இதேபோல் அடைத்த இடம் எனக்கு மழமழப்பாக வந்துவிட்டது. ஆனால் உள்ளே வெள்ளிபோல் ஒரு புள்ளி மின்னுகிறது. பாலிஷ் போட்டால் போகுமா?
- வாசகி, திருச்சி

பதில்: போகாது. ரெசின் எட்டாத விரிசலில் சிக்கிய காற்றுதான் அப்படி மின்னுகிறது. மேலே அடைபட்டுவிட்டதால் இனி வீட்டில் அதைச் சரிசெய்வது கடினம். துளையிட்டு மறுபடி ரெசின் செலுத்தும் வசதி உள்ள கண்ணாடிக் கடையில் காட்டுங்கள். நன்றாகச் செய்த வேலையிலும் மெல்லிய தடம் எஞ்சவே செய்யும் என்பதால், ஓட்டுநரின் பார்வைக்கு நேரே உள்ள சேதத்தையும், கண்ணாடியின் ஓரத்தைத் தொடும் விரிசலையும் வீட்டில் கையாள வேண்டாம். ஓரத்து விரிசல் நீளக்கூடியது. அதற்குப் பெரும்பாலும் கண்ணாடியை மாற்றுவதே வழி.