தியேட்டரில் படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்வதை ஊழியர்களால் தடுக்க முடியாதா? இல்லை, அவர்களே உடந்தையா?

'உடந்தை' என்ற சொல்லைப் பார்த்ததால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். 2009 முதல் 2016 வரை நீலகிரியில் ஒரு தியேட்டரில் வேலை பார்த்தவன் நான். முதலில் டிக்கெட் கிழிப்பது, டார்ச் அடித்து சீட் காட்டுவது. கடைசி மூன்று வருடம் அதோடு சேர்த்து கேபினில், அதாவது புரொஜெக்டர் அறையில், ஆபரேட்டருக்கு உதவி. ஊர்ப் பெயர் வேண்டாம். மலையில் தியேட்டர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், ஊரைச் சொன்னால் தியேட்டரையே சொன்ன மாதிரி.

நான் சேர்ந்தபோது எங்களுக்குப் படம் பிலிம் சுருளாக, பெட்டியில்தான் வரும். கோவை ஏரியாவுக்குப் போட்ட பிரிண்ட் கோவை, திருப்பூர், ஈரோடு என்று ஓடி, கோடு விழுந்து, அப்புறம்தான் மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறும். 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பெட்டி குன்னூர் வருவதற்குள் அதே படத்தின் திருட்டு விசிடி முந்திக்கொண்டு மேலே வந்திருக்கும். எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில் ஒரு டிவியைச் சுற்றி இருபது பேர் உட்கார்ந்து பார்த்து முடித்திருப்பார்கள். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வராது. வாரத்தில் ஒரு நாள் லீவு, டவுனுக்கு வந்து போக பஸ் செலவு, கடைசி பஸ்ஸை விட்டால் காட்டெருமை நிற்கிற ரோட்டில் நடை. ஆனால் அந்த விசிடியெல்லாம் எங்கேயோ கீழே எடுத்தது. கோடு விழுந்த பிரிண்டை மலையேறி வந்து படம்பிடிக்க யாருக்கும் பைத்தியம் இல்லை. அதனால் ஹாலுக்குள் யார் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கும்படி எங்களிடம் ஒருவரும் சொன்னதில்லை.

டிஜிட்டல் வந்ததும் எல்லாம் மாறியது. படம் சாட்டிலைட்டிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ வந்து சர்வரில் ஏறும். அதைத் திறக்கிற கீ தனியாக வரும். இந்தத் தியேட்டர், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை என்று அதிலேயே இருக்கும். சென்னையில் வெள்ளிக்கிழமை என்றால் எங்களுக்கும் வெள்ளிக்கிழமை. புதுப்படம் முதல் நாளே கிடைக்கிற, ஆனால் கண்காணிப்பு இல்லாத இடமாகிவிட்டோம். அது யாருக்கு வசதி என்று சொல்ல வேண்டியதில்லை.

இதில் குளிர் வேறு. சென்னையில் ஒருவன் கம்பளி போர்த்திக்கொண்டு படம் பார்க்க வந்தால் நிறுத்திக் கேட்கலாம். எங்கள் ஊரில் ஜெர்கின், சால்வை, மங்கி குல்லா எதுவும் இல்லாமல் வருகிறவனைத்தான் திரும்பிப் பார்ப்போம்.

2014 தீபாவளி முடிந்த வாரம். மெமரி கார்டில் படம் ஏற்றித் தருகிற ஒரு கடையில் ரீசார்ஜ் செய்ய நின்றிருந்தேன். கடைப் பையன் கம்ப்யூட்டரில் எங்கள் தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்த படத்தையே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். இடைவேளைக்கு அப்புறம் வரும் சண்டைக் காட்சி. வசனத்துக்குப் பின்னால் ஒரு இரைச்சல் ஆரம்பித்தது. அது படத்தின் சத்தம் இல்லை, தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம். கொஞ்ச நேரத்தில் ஒரு கதவு கிறீச்சிட்டது. அந்தக் கதவுக்கு எண்ணெய் விடச் சொல்லி மூன்று மாதமாக மேனேஜரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தவன் நான். பெற்ற பிள்ளையின் அழுகையைப் போல அதன் சத்தம் எனக்குத் தெரியும்.

பத்து நாள் கழித்து விநியோகஸ்தர் தரப்பிலிருந்து போன் வந்தது. அவர்களுக்கு மழையோ கதவோ தேவைப்படவில்லை. டிஜிட்டல் படத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு அடையாளம் ஓடிக்கொண்டே இருக்கும், வாட்டர்மார்க் என்பார்கள். உலக அளவில் இதற்கு வகுத்த விதிப்படி, எந்த சர்வரில் ஓடியது என்ற எண்ணும், கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை மாறும் நேரக் குறியும் அதில் இருக்க வேண்டும். படத்தின் ஒவ்வொரு ஐந்து நிமிடத் துண்டிலும் அது முழுதாக இருக்க வேண்டும். போனில் எடுத்து, ஃபைலை நசுக்கி, இணையத்தில் ஏற்றினாலும் பெரும்பாலும் அழியாது. அருமையான கண்டுபிடிப்பு, மறுக்கவில்லை. ஆனால் அது தியேட்டரைக் காட்டும், ஷோவைக் காட்டும், கையைக் காட்டாது.

அதனால் கை யாருடையது என்பதை மேனேஜரே முடிவு செய்தார். ஆபரேட்டர் அண்ணன்தானாம். இருபது வருடத்துக்கும் மேலாக கேபினில் இருந்தவர். "கேபின் ஓட்டை வழியா எடுத்தா எவனுக்குத் தெரியும்?" என்பதுதான் வாதம். கேபினிலிருந்து எடுத்த காப்பிகள் வந்ததே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பணத்துக்கு விலைபோன ஆபரேட்டர்கள் உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு, ஆளில்லாத ஹாலில் படத்தை ஓட்டி எடுத்த கதைகளை நானே கேட்டிருக்கிறேன். ஆனால் இது அது இல்லை. கேபினிலிருந்து எடுத்தால் திரை நேராக, நீள்சதுரமாக விழும். இந்தக் காப்பியில் வலது ஓரம் சின்னதாகிக்கொண்டே போனது. கீழே ஒரு தலையின் நிழல், இடது மூலையில் எக்ஸிட் விளக்கின் சிவப்பு. இடது பக்கம், முதல் வகுப்பு, நாலாவது ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்தவன் எடுத்தது. மேனேஜரைக் கையைப் பிடித்து இழுத்துப் போய் அந்த சீட்டிலேயே உட்காரவைத்துக் காட்டினேன். "சரி, இருக்கலாம்" என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அண்ணன் அந்த மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டார். இப்போது பனியன் கம்பெனி ஒன்றில் இருக்கிறார். சினிமாவே பார்ப்பதில்லை என்று அண்ணி சொன்னார்கள்.

தடுக்க முடியாதா என்றால், முடியும். அதற்கு ஹாலுக்குள் ஆள் இருக்க வேண்டும். எங்களிடம் நாலு பேர். ஒருவர் கவுண்டர், ஒருவர் கேபின், ஒருவர் கேன்டீன், மிச்சம் நான். படம் ஆரம்பித்ததும் நான் வண்டி ஸ்டாண்டுக்குப் போய்விடுவேன். மாதம் 5,500 ரூபாய். பிரிட்டனில் இப்படிப் பதிவு செய்கிறவனைப் பிடித்துக்கொடுக்கும் தியேட்டர் ஊழியருக்கு ரொக்கப் பரிசு கொடுக்கும் திட்டம் உண்டு, இருட்டில் பார்க்கும் கருவிகூட சில தியேட்டர்களில் தருவார்களாம். எனக்குக் கொடுத்த டார்ச்சுக்கு பேட்டரி என் காசு.

சட்டத்துக்கும் குறைவில்லை. தமிழ்நாட்டில் 2004 முதல் திருட்டு விசிடிக்காரர்கள் மீது குண்டர் சட்டமே பாயலாம். 2023இல் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தி, தியேட்டரில் அனுமதியில்லாமல் பதிவு செய்வதையும், அதற்கு முயல்வதையும், உடந்தையாக இருப்பதையும் தனிக் குற்றமாக்கினார்கள். குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் மூன்று வருடம் சிறை; அபராதம் மூன்று லட்சத்தில் ஆரம்பித்து, படத்தின் ஆடிட் செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் ஐந்து சதவீதம் வரை போகலாம். பெரிய பட்ஜெட் படமென்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆனால் ஹீரோ என்ட்ரிக்கு முன்னூறு போன்கள் ஒன்றாக மேலே எழும்போது, அதில் எது ஸ்டேட்டஸ், எது திருட்டு என்று ஒற்றை டார்ச்சோடு நிற்கிறவன் எப்படிப் பிரிப்பான்?

அண்ணன் போன பிறகு நானாகவே ரவுண்டு போக ஆரம்பித்தேன். பின்னாலிருந்து தேடினால் ஒன்றும் தெரியாது. திரைக்குப் பக்கத்தில் நின்று ஜனங்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். காமெடிக்குச் சிரிக்காதவன், சண்டைக்கு அசையாதவன், இடைவேளைக்கு ஒரு நிமிடம் முன்பே குனிகிறவன். பயிற்சி என்று யாரும் கொடுக்கவில்லை, பார்த்துப் பார்த்து வந்ததுதான்.

அப்படி ஒருவனைப் பிடித்தும் விட்டேன். நடு வரிசை, இரண்டு பக்கமும் காலி சீட். மூன்று டிக்கெட்டையும் அவனே வாங்கியிருந்தான். சால்வை மடிப்புக்குள் போன், லென்ஸ் அளவுக்கு மட்டும் ஒரு ஓட்டை, ஓரம் பிரியாமல் அழகாகத் தைத்திருந்தது. மேனேஜர் அறைக்குக் கூட்டிப் போனேன். போலீஸுக்குச் சொல்லலாம் என்றேன். கேஸ் என்றால் தியேட்டர் பெயர் வெளியே வரும், அடுத்த படத்துக்குப் பெட்டி வராது என்றார். (கீ வந்து நாலு வருடமாகியும் அவருக்குப் பெட்டிதான்.) அந்தப் பயம் வீண் என்று சொல்ல முடியாது. 2018 அக்டோபரில் தயாரிப்பாளர் சங்கம் திருட்டுப் பதிவு நடந்ததாகச் சொல்லி பத்து தியேட்டர்களுக்குப் புதுப்படம் கிடையாது என்று அறிவித்தபோது எனக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

போனில் இருந்ததை அவன் கையாலேயே அழிக்க வைத்தோம். எழுந்தவன் வாசல் வரை போய்த் திரும்பி வந்து, படம் பாதிதானே பார்த்தேன் என்று டிக்கெட் காசைக் கேட்டான். மேனேஜர் டிராயரைத் திறந்து மூன்று டிக்கெட்டுக்கும் எண்ணிக் கொடுத்தார்.