ஒற்றை கியர் சைக்கிளில் ஹப் கியர்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

பின் ஹப்புக்குள்ளேயே (சக்கரத்தின் நடுவில் ஆக்சிலைச் சுற்றியிருக்கும் உருளைக்குள்ளேயே) கியர் அடங்கிய சக்கரத்தைச் சாதாரண சைக்கிளில் பூட்டுவது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

ஹப்பை மட்டும் வாங்கினால் போதுமா அண்ணா? சக்கரத்தையே மாற்ற வேண்டுமா?

ரிம் நல்ல நிலையில் இருந்து, துளை எண்ணிக்கையும் பொருந்தினால் அதையே வைத்துக்கொள்ளலாம். 36 துளை ரிம்முக்கு 36 துளை ஹப். ஆனால் பழைய ஸ்போக்ஸ் உதவாது. கியர் ஹப்பின் விளிம்பு பெரியது, அதனால் கம்பி நீளம் குறையும். விளிம்பு மிகப் பெரிதாக இருந்தால், ஒரு கம்பி மற்றக் கம்பிகளை மூன்று முறை குறுக்காகக் கடக்கும்படி கோக்க வேண்டாம், இரண்டு முறை போதும். மூன்று போட்டால் ரிம் பக்கத்தில் கம்பி சாய்ந்து, நிப்பிள் அருகே வளைந்து நிற்கும். பெண்டு எடுத்துப் பழக்கமில்லாதவர்கள் கோத்து முடித்த சக்கரமாகவே வாங்குவது நல்லது.

என் சட்டத்துக்குள் எந்த ஹப் போகும்?

பின் சக்கரத்தைக் கழற்றி, ஆக்சில் உட்காரும் இரண்டு தகடுகளின் உள்பக்கத்துக்கு இடையே அளந்து பாருங்கள். ஒற்றை கியர் சைக்கிள்களில் 110 அல்லது 120 மில்லிமீட்டர் இருக்கும். ஷிமானோ நெக்ஸஸ் 3 வேகத்துக்கு 120 வேண்டும், நெக்ஸஸ் 8 வேகத்துக்கு 132, அல்ஃபைன் 8 வேகத்துக்கும் ரோலாஃப் 14 வேகத்துக்கும் 135. இரும்புச் சட்டத்தைக் கொஞ்சம் விரிக்கலாம், அதுவும் இரண்டு பக்கமும் சமமாக. அலுமினியச் சட்டத்தில் கை வைக்கவே கூடாது, விரிசல் விடும்.

ஆக்சிலில் மாட்டச் சொல்லி ஒரு பல் வைத்த வாஷர் தந்திருக்கிறார்கள். அது இல்லாமல் நட்டை இறுக்கினால் ஆகாதா?

ஆகாது. இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பழைய ஸ்டர்மி-ஆர்ச்சர் ஏடபிள்யூ 3 வேக ஹப்பைப் பிரித்தால் நடுவில் ஆக்சிலோடு அசையாமல் நிற்கும் 20 பல் சூரியச் சக்கரம் இருக்கும். அதைச் சுற்றி 20 பல் கொண்ட நான்கு கோள் சக்கரங்கள். அவற்றை வெளியே வளைத்து நிற்பது 60 பல் வளையம். வளையத்தைச் செயின் சுற்றி, கோள்களைத் தாங்கும் கூண்டு சக்கரத்தை ஓட்டினால், 60-ஐ 80-ஆல் வகுத்த முக்கால் விகிதம் வரும். அது தாழ் கியர். தலைகீழாக, கூண்டைச் சுற்றி வளையத்திலிருந்து எடுத்தால் ஒன்றேமூன்றில் ஒன்று. அது உயர் கியர். நடு கியரில் பற்களுக்கு வேலையே இல்லை, செயின் சுற்றுவது அப்படியே சக்கரத்துக்குப் போகும்.

சூரியச் சக்கரம் அசையாமல் நின்றால்தான் இந்தக் கணக்கெல்லாம் நடக்கும். தாழ் கியரில் மிதிக்கும்போது அது ஆக்சிலைப் பின்னோக்கித் திருகும், உயர் கியரில் முன்னோக்கித் திருகும். ஒரு நாளில் எத்தனை முறை கியர் மாற்றுகிறீர்களோ அத்தனை முறை நட்டு இருபுறமும் ஆட்டம் காணும். எத்தனை இறுக்கினாலும் ஒருநாள் தளரும். வாஷரின் பல், ஆக்சில் உட்காரும் சட்டத் தகட்டின் வெட்டுக்குள் உட்கார்ந்து ஆக்சிலைப் பிடித்துக்கொள்கிறது. நான் முதன்முதலில் பூட்டிய சக்கரத்தில் ஒரு பக்க வாஷரை விட்டுவிட்டேன். ஒரு ஏற்றத்தில் ஆக்சில் கால் சுற்று சுற்றி, வெட்டின் ஓரத்தைப் பிறாண்டி, கேபிளையும் முறுக்கிவிட்டது. அந்த வடு இன்னும் சட்டத்தில் இருக்கிறது. ஷிமானோ வாஷர்களில் வெட்டு வகைக்கும் இடம் வலத்துக்கும் தனித்தனி நிறம் உண்டு. உங்கள் வெட்டு பின்பக்கம் திறந்ததா, முன்பக்கமா, நேர் கீழா என்று பார்த்து வாங்குங்கள்.

முன்னால் செயின் வீல் 44 பல், பின்னால் 16 பல். ஹப்பிலும் 16 போடலாமா?

போடாதீர்கள். 44-ஐ 16-ஆல் வகுத்தால் 2.75, அதாவது பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் 2.75 சுற்று. ஏடபிள்யூ விகிதத்தில் தாழ் 2.06, உயர் 3.67 வரும். சக்கரத்தின் சுற்றளவு 2.1 மீட்டர் என்றால், நிமிடத்துக்கு 75 பெடல் சுற்றில் 3.67 என்பது மணிக்கு 35 கிலோமீட்டர். அந்த வேகத்தில் நாள்தோறும் போகிறவர் எத்தனை பேர்? மூன்றில் ஒரு கியர் வீணாகும். பின்னால் 20 பல் போட்டால் 1.65, 2.2, 2.93 கிடைக்கும். பழைய வேகம் உயர் கியரில் ஏறக்குறைய அப்படியே இருக்கும், ஏற்றத்துக்கு இரண்டு கியர் கூடுதல். பல் கூடியதால் சக்கரம் வெட்டில் 12 மில்லிமீட்டர் அளவுக்கு முன்னே வரும். இடமில்லை என்றால் செயினில் ஒரு ஜோடிக் கண்ணி சேருங்கள்.

தவறு ஐயா. நடு கியர்தான் இழப்பில்லாதது. அதிகம் ஓட்டும் வேகத்தை உயர் கியருக்குத் தள்ளினால் நாள் முழுக்கப் பல் உராய்வைச் சுமக்க வேண்டுமே?

நியாயமான கேள்வி. இழப்பு உண்மைதான், நானும் உணர்ந்திருக்கிறேன். சமதளத்தில் மட்டுமே ஓட்டுகிறவருக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் அவருக்கு ஹப் கியரே எதற்கு? கியர் தேடி வருகிறவர் ஏற்றத்தையோ, எதிர்காற்றையோ, மூட்டு வலியையோ மனதில் வைத்துத்தான் வருகிறார்.

எங்கள் பகுதி சமதளம், ஆனால் காற்று கடுமை. நான் அவர் பக்கம்தான்.

அப்படியானால் 18 பல்: 1.83, 2.44, 3.26. நடு கியரில் 23 கிலோமீட்டர் வேகம், பின்காற்று வந்தால் உயர் கியர். இதை ஏற்றுக்கொள்கிறேன்.

20-க்குப் பதில் 24 போட்டால் இன்னும் இலகுவாகுமே?

ஆகும். ஆனால் செயின் வீல் பல்லைப் பின் பல்லால் வகுத்த விகிதம் 2-க்குக் கீழே போனால் ஹப்பின் உள்ளே ஏறும் முறுக்கு கூடிவிடும். நெக்ஸஸ் 8 போன்றவற்றில் 2-க்கு அருகிலேயே நிற்பது நல்லது. 16 பற்றிக் கேட்டவரே, உங்கள் கேள்வியிலேயே எல்லோரும் நின்றுவிட்டோம். மற்றவர்களையும் பார்க்கிறேன்.

என் சைக்கிளில் பூட்ட முடியுமா?

அளந்து பாருங்கள். மேலே சொல்லியிருக்கிறேன்.

பழைய 3 வேக ஹப், எழுந்து மிதிக்கும்போது திடீரென்று கால் காற்றில் இறங்குகிறது.

உடனே எழுந்து மிதிப்பதை நிறுத்துங்கள். பழைய ஏடபிள்யூவில் நடு கியருக்கும் உயர் கியருக்கும் இடையே எதையும் பிடிக்காத ஓர் இடம் உண்டு. கேபிள் சரியில்லாவிட்டால் ஹப் அங்கே நழுவும். லீவரை நடுவில் வைத்து, வலப்பக்க நட்டின் துளை வழியே பாருங்கள். கேபிளோடு சேர்ந்து உள்ளே போகும் சங்கிலிக் கம்பியின் தோள் (கம்பியின் தடிமன் மாறும் இடம்) ஆக்சில் முனையோடு சமமாக நிற்க வேண்டும். இல்லையென்றால் கேபிள் திருகைத் திருப்பிச் சமப்படுத்துங்கள்.

மின்மோட்டார் ஹப்போடு இதைச் சேர்க்கலாமா?

அது என் துறை இல்லை. மோட்டார் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

பெடலைப் பின்னால் மிதித்தால் பிரேக் பிடிக்கும் வகை நல்லதா?

நல்லதுதான், ஹப்பிலிருந்து நீளும் பிரேக் கையை, பின்சக்கரத்தின் பக்கமாகப் போகும் சட்டத்தின் கீழ்க்குழாயோடு பட்டி போட்டுக் கட்டியிருந்தால். கட்டாமல் ஓட்டாதீர்கள். நிற்கும்போது பெடலைப் பின்னால் சுற்றி ஓட்டத் தயாரான நிலைக்குக் கொண்டுவரும் பழக்கமிருந்தால், இதில் அது கஷ்டம், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கியர் மாற்றும்போது கடகடவென்று சத்தம்.

மிதிப்பை ஒரு நொடி தளர்த்தி மாற்றுங்கள். நின்றுகொண்டிருக்கும்போதும் மாற்றலாம், இந்த ஹப்பின் பெரிய வசதியே அதுதான்.

வாஷர் ஒரு பக்கம் மட்டும் போட்டால் போதாதா?

போதாது. இரண்டு பக்கமும். நட்டையும் இரண்டு வாரம் ஓட்டியபின் ஒருமுறை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.