பழைய பிக்கப்பும் ஏழாயிரம் இறாத்தல் ட்ரெய்லரும்

கேள்வி: ஒன்ராறியோவின் மார்க்கம் நகரில் வசிக்கிறோம். என்னிடம் 2005ஆம் ஆண்டு ஃபோர்ட் எஃப்-150 பிக்கப் இருக்கிறது, 5.4 லீற்றர் இயந்திரம், இதுவரை 2 இலட்சத்து 40 ஆயிரம் கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. அல்கொன்குயின் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போய்வர 26 அடி முகாம் ட்ரெய்லர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். வெறும் எடை 5,600 இறாத்தல். சாமான்களோடு 7,500 வரை போகலாம் என்று அதில் ஒட்டியிருக்கிறது. பிக்கப்பின் விளம்பரக் கையேடு 9,000 இறாத்தலுக்கு மேல் இழுக்கும் என்கிறது. விற்பவரும் ‘கண்ணை மூடிக்கொண்டு இழுக்கலாம், அண்ணா’ என்கிறார். வாங்கலாமா?

பதில்: கண்ணைத் திறந்து பார்த்தால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். உங்கள் இயந்திரம் இந்த ட்ரெய்லரை இழுத்துவிடும். பிக்கப்பின் முதுகுதான் தாங்காது.

ஊரில் மாட்டு வண்டி ஓட்டியவர்கள் முன்பாரம், பின்பாரம் என்று பேசுவார்கள். மூட்டைகளைப் பின்னால் அடுக்கினால் நுகம் மேலே தூக்கும். முன்னால் குவித்தால் மாட்டின் கழுத்தை அமுக்கும். ட்ரெய்லருக்கும் இதே கணக்குத்தான். பிக்கப்பின் பின்னால் இருக்கும் பந்துக் கொக்கியில் பூட்டும் ட்ரெய்லர் தன் மொத்த எடையில் 10 முதல் 15 வீதத்தை அந்தப் பந்தின்மேல் அழுத்த வேண்டும். அதைவிடக் குறைந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் வால் ஆட்டத் தொடங்கும். அந்த ஆட்டம் பிக்கப்பையே புரட்டிவிடக்கூடும். இந்த முன்பாரம் முழுவதும் பிக்கப் சுமக்கும் சரக்காகவே கணக்கில் சேரும். ‘எவ்வளவு இழுக்கும்’ என்று கேட்பவர்கள் ‘எவ்வளவு சுமக்கும்’ என்று கேட்பதே இல்லை.

சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் கதவுநிலையில் ஓர் ஒட்டுத்தாள் இருக்கும். வண்டியும் ஆட்களும் சாமானும் சேர்ந்து அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்பதும், ஒவ்வோர் அச்சும் எவ்வளவு தாங்கும் என்பதும் அதில் இருக்கும். புதிய வண்டிகளில் ஆட்களும் சாமானும் சேர்ந்து இவ்வளவைத் தாண்டக்கூடாது என்று தனியே இன்னோர் ஒட்டுத்தாள் சொல்லிவிடும். உங்களுடையதைப் போன்ற பழைய வண்டியில் அதைப் பெரும்பாலும் எதிர்பார்க்க முடியாது. நாமே கழித்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் ஒட்டுத்தாளில் 7,050 இறாத்தல் என்றும், தாங்கி நிறைய எரிபொருளோடு, ஆட்கள் இல்லாமல் வண்டி 5,500 நிறுக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். மிச்சம் 1,550. ட்ரெய்லர் சாமானோடு 7,000 ஆனால் முன்பாரம், 13 வீதத்தில், 910. கொக்கிக் கருவி சுமார் 90. நீங்கள் இருவரும் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து 600. மொத்தம் 1,600. பிக்கப்பின் பின்பெட்டியில் ஒரு விறகுக்கட்டைகூட வைக்கவில்லை, அதற்குள் 50 இறாத்தல் கூடிவிட்டது.

5,600 எப்படி 7,000 ஆகும் என்று கேட்பீர்கள். வெறும் எடை என்பது தொழிற்சாலை வாசலைத் தாண்டும்போது இருந்த எடை. தண்ணீர்த் தொட்டியில் 150 லீற்றர் நிரப்பினாலே 330 இறாத்தல் ஏறிவிடும். மின்கலம், உருளைகளில் நிரப்பும் எரிவாயு, கட்டில் விரிப்புகள் எல்லாம் அதன் பிறகு. நம்மவர்கள் முகாமுக்குப் போகும்போது அரிசி மூட்டையும் இடியப்ப உரலும் ஊறவைத்த கோழியும் இல்லாமல் போனதை நான் கண்டதில்லை.

பாரத்தைப் பரப்பும் கொக்கி என்று ஒன்று இருக்கிறது. இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்களோடு வரும். பின் அச்சில் அமுங்கும் பாரத்தில் கொஞ்சத்தை முன் அச்சுக்கும் ட்ரெய்லர் அச்சுக்கும் அது திருப்பிவிடும். இந்த அளவு ட்ரெய்லருக்கு அது அவசியம். ஆனால் அது திருப்பும் பாரத்தை இலாபம் என்று கணக்கில் கழித்துக்கொள்ளாதீர்கள்.

விளம்பரக் கையேட்டின் 9,000ஐ நான் ஏன் பொருட்படுத்தவில்லை? எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே2807 என்ற பொது அளவுகோல் வருவதற்கு முன், ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படியே சோதித்து எண்ணை எழுதியது. டொயோட்டா 2011 மாதிரிகளில் முதலில் அதை ஏற்றது. மற்றப் பெரிய நிறுவனங்கள் பிறகே வந்தன. உங்கள் வண்டி அதற்கு முந்தியது. மேலும், அந்தப் பெரிய எண் குறிப்பிட்ட இயந்திரம், குறிப்பிட்ட பின் அச்சுக் கியர் விகிதம், இழுவைக்கென்று தொழிற்சாலையிலேயே பூட்டும் இழுவைப் பொதி எல்லாம் சேர்ந்த வண்டிக்கு உரியது. ஒரே ஆண்டு, ஒரே பெயர் வண்டிகளுக்குள்ளேயே ஆயிரக்கணக்கான இறாத்தல் வித்தியாசம் உண்டு. அச்சுக் குறியீடு அதே கதவு ஒட்டுத்தாளில் இருக்கும். அதை வைத்து உங்கள் வண்டியின் எண்ணைத் தேடுங்கள். பின்னால் கொக்கி இருக்கிறது என்பது எதற்கும் சாட்சியில்லை. யாரும் வாங்கிப் பூட்டியிருக்கலாம். கொக்கிக்கும் தனி ஒட்டுத்தாள் உண்டு. வண்டி, கொக்கி, பந்து மூன்றிலும் எது சிறியதோ அதுவே உங்கள் எல்லை.

சட்டத்துக்கு வருவோம். ஒன்ராறியோவில் சாதாரண ‘ஜி’ அனுமதிப்பத்திரத்தோடு, வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்து 11,000 கிலோ வரை, ட்ரெய்லர் 4,600 கிலோவைத் தாண்டாமல் ஓட்டலாம். உங்களுடையது இரண்டும் சேர்ந்து சுமார் 6,600 கிலோ, ட்ரெய்லர் 3,400. அதில் பிரச்சினை இல்லை. 1,360 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். முகாம் ட்ரெய்லர்களில் பெரும்பாலும் மின்சார பிரேக். அதை இயக்க சாரதி இருக்கைக்கு எட்டும் இடத்தில் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும். பழைய பிக்கப்பில் பின்னால் ட்ரெய்லரின் மின்கம்பியைப் பூட்டும் ஏழு முனைச் செருகி இருந்தாலும் முன்னால் கருவி இல்லாமல் இருப்பது சாதாரணம். வால் ஆடினால் கால் பிரேக்கை அழுத்தாமல், வேக மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, இந்தக் கருவியில் கையால் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் பிடிக்க வேண்டும். அப்போதுதான் அதன் அருமை தெரியும். கொக்கியைத் தவிர இரண்டாவது பிணைப்பாகச் சங்கிலியும் சட்டப்படி வேண்டும். ஓடும்போது ட்ரெய்லருக்குள் ஒருவரும் இருக்கக்கூடாது. பிள்ளை உள்ளே தூங்கட்டும் என்று விடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வண்டியின் வயதை மறக்கவேண்டாம். இருபது குளிர்காலத்து வீதி உப்பு அடிச்சட்டத்தையும் பிரேக் எண்ணெய்க் குழாய்களையும் என்ன செய்திருக்கிறது என்று வண்டியைத் தூக்கிவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கியர்ப்பெட்டி எண்ணெய் கறுத்து, கருகிய வாசனை வந்தால் ட்ரெய்லர் பேச்சையே எடுக்காதீர்கள். இழுவையில் கியர்ப்பெட்டியைக் கொல்வது சூடு. அல்கொன்குயின் போகும் வழியில் ஹண்ட்ஸ்வில் பக்கத்து ஏற்றங்களில் ஓவர்டிரைவ் என்ற மேல் கியரை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள்.

என் யோசனை: சாமானோடு 5,000 இறாத்தலைத் தாண்டாத ட்ரெய்லராகப் பாருங்கள். முன்பாரம் 650, ஆட்களும் கொக்கியும் 690. 210 இறாத்தல் கையில் மிஞ்சும். வாங்கும் முன் உங்கள் பிக்கப்பை 401 நெடுஞ்சாலை ஓரத்து ட்ரக் தரிப்பிடத் தராசில் ஏற்றுங்கள். அச்சு அச்சாக எடை எழுதித் தருவார்கள். நான் மேலே வைத்துக்கொண்ட 5,500ஐ அடித்துவிட்டு அந்த எண்ணை எழுதுங்கள்.

கேள்வி: பின் அச்சில் காற்றுப் பைகள் பூட்டினால் கூடுதலாக ஏற்றலாம் என்று மெக்கானிக் ஒருவர் சொல்கிறார். உண்மையா?

பதில்: வண்டியின் பின்புறம் தொங்காது. அச்சு, பேரிங், ரயர், பிரேக், அடிச்சட்டம் எதுவும் மாறவில்லை. ஒட்டுத்தாளின் எண்ணும் மாறாது. தொங்கலை மறைப்பதால் பாரம் கூடியது கண்ணுக்குத் தெரியாமல் போவதுதான் இதில் எனக்குப் பிடிக்காதது.

கேள்வி: ஸ்காபரோவில் தோட்ட வேலை ஒப்பந்தம் செய்கிறேன். பழைய அரை ரன் (எஃப்-150 வகை) பிக்கப்பால் ஸ்கிட் ஸ்டியர் என்ற மண் அள்ளும் சிறு இயந்திரம் ஒன்றை ட்ரெய்லரில் இழுக்கலாமா?

பதில்: நடுத்தர இயந்திரமே 6,000 இறாத்தலுக்கு மேல்; ட்ரெய்லரோடு 8,500ஐத் தாண்டும். அந்தப் பிக்கப்பை விட்டுவிடுங்கள். தொழிலுக்கு ஓட்டும்போது வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்து 4,500 கிலோவைத் தாண்டினால் ஆண்டுப் பரிசோதனையும் உண்டு. உங்களுடையது நிச்சயம் தாண்டும். காப்புறுதி முகவரிடம் ‘வேலைக்கு இழுக்கிறேன்’ என்ற சொல்லைச் சொல்லியே கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். மாதத்தில் இரண்டு நாள்தான் இயந்திரம் தேவை என்றால், வாடகைக்கு எடுத்து அவர்களையே கொண்டுவந்து இறக்கச் சொல்வது மலிவு.

கேள்வி: ட்ரெய்லர் ரயர்களில் பூவெல்லாம் புதிதுபோல இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

பதில்: ட்ரெய்லர் ரயர் தேய்ந்து சாவது குறைவு, வெயிலில் நின்று வெடித்துச் சாவதே அதிகம். பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 1417 என்றால் 2017ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்தது. அப்படியிருந்தால் மாற்றுங்கள், விலை பேசும்போது அந்தச் செலவை விற்பவரின் தலையில் போடப் பாருங்கள்.