உணவும் புற்றுநோயும்: உணவியல் ஆலோசகரிடம் கேளுங்கள்

கேள்வி: மேடம், தினமும் ஒரு வைட்டமின் மாத்திரை போட்டுக்கொண்டால் புற்றுநோய் அண்டாது என்கிறார்களே?

பதில்: பின்லாந்திலும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினார்கள். காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு. அவர்கள் இரத்தத்தில் காரட்டில் உள்ள பீட்டா கரோட்டின் என்ற சத்து அதிகம். அதையே மாத்திரையாகக் கொடுத்தால் என்ன என்று, புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்துச் சோதித்தார்கள். 1994இல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் விழுங்கியவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதல்! புகைபிடிப்போரையும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தொழிலாளர்களையும் வைத்து அமெரிக்காவில் நடந்த இன்னொரு சோதனையை, அங்கும் இதே கேடு தெரிந்ததால், முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். காரட்டைக் கடித்துத் தின்னுங்கள். அதன் சத்தைப் புட்டியில் தேடாதீர்கள், சிகரெட் பிடிப்பவராக இருந்தால் கட்டாயம் வேண்டாம்.

கேள்வி: சாசேஜ் தின்பது சிகரெட் பிடிப்பதற்குச் சமமா?

பதில்: இல்லை. 2015இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சியை, புற்றுநோய் தருவது உறுதியானவை என்ற முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் அங்கேதான் இருக்கிறது. குழப்பம் அதனால் வந்தது. சான்று எவ்வளவு உறுதியானது என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்கிறது, ஆபத்தின் அளவை அல்ல. தினம் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 சதவீதம் கூடும். புகையிலையின் கணக்கு இதைவிடப் பல மடங்கு பெரியது.

கேள்வி: மது கொஞ்சமாகக் குடித்தால்?

பதில்: கொஞ்சத்துக்குக் கொஞ்சம் ஆபத்து.

கேள்வி: நிலக்கடலையில் பூஞ்சை பிடித்துவிட்டது. வறுத்தால் சரியாகிவிடும் அல்லவா? ஒரு மூட்டை, கொட்ட மனம் வரவில்லை.

பதில்: கொட்டிவிடுங்கள் ஐயா. அந்தப் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்சின் வறுத்தாலும் முழுதாக அழியாது. கல்லீரல் புற்றுநோயைத் தருவது அது. ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் தொற்று இருப்பவர்களுக்கு இன்னும் மோசம். மாட்டுக்கும் போடாதீர்கள், பாலில் வந்து சேரும்.

கேள்வி: நான் போடுவது வெறும் வெற்றிலை பாக்கு, புகையிலை கிடையாது.

பதில்: பாக்கு ஒன்றே போதும், வாய்ப் புற்றுநோய்க்கு. இதைச் சொன்னதற்கு என் மாமியார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

கேள்வி: மஞ்சள் புற்றுநோயைத் தடுக்குமா?

பதில்: சாம்பாருக்குப் போடுங்கள். தடுக்கும் என்று பேசப்படுவது அதிலுள்ள குர்குமின் என்ற பொருள், அதை நம் குடல் மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது.

கேள்வி: காபியை விட வேண்டுமா? கொதிக்கக் கொதிக்கக் குடிப்பவள் நான்.

பதில்: காபியின் மேல் குற்றமில்லை, சூட்டின் மேல்தான். 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான பானம் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று அதே முகமை 2016இல் அறிவித்தது. டவராவில் ஆற்றிக் குடியுங்கள்.