முதலில் பாட்டை எடுங்கள், அப்புறம் கடைக்குப் போங்கள்

கேள்வி: பதிமூன்று வருஷமாக என்னோடு இருந்த பாட்டுப் பிளேயர், ஆப்பிளின் ஐபாட் கிளாசிக், 160 ஜிபி, போன வாரம் மாடிப்படியில் கை தவறி விழுந்துவிட்டது. ஆன் செய்தால் உள்ளே ‘டிக் டிக்’ என்று சத்தம், கொஞ்ச நேரத்தில் திரையில் சிவப்பாக எக்ஸ் குறி. பார்க்காமலே பாக்கெட்டுக்குள் கையை விட்டு, கட்டை விரலால் சக்கரத்தை அழுத்திப் பாட்டை மாற்றிப் பழகியவள் நான். அம்மா பாடிய நாலு பாட்டைப் பழைய கேசட்டிலிருந்து அதில் ஏற்றி வைத்திருந்தேன், கேசட் இப்போது இல்லை. போனிலேயே கேட்டுக்கொள் என்கிறார்கள் வீட்டில், மனசு வரவில்லை. புதுசாக என்ன வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். அம்மா குரல் அதற்குள் இருக்கிறது, அதை வெளியே எடுக்கும் வரை புதுப் பிளேயர் பேச்சே வேண்டாம்.

கிளாசிக்கில் இருப்பது சுழலுகிற ஹார்ட் டிஸ்க். தட்டின் மேல், தலைமுடியின் கனத்தைவிடக் குறைவான இடைவெளியில், ஒரு முனை ஓடிக்கொண்டே இருக்கும். விழுந்த அதிர்ச்சியில் அந்த முனை தடுமாறினால் இப்படித்தான் டிக் டிக் என்று கேட்கும், அந்த நிலையில் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பது தட்டைக் கீறிக் கீறிப் பார்ப்பது மாதிரி. சில சமயம் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது, அதைப் போர்டோடு இணைக்கும் பட்டைக் கேபிள் மட்டும் நழுவியிருக்கும். அதனால் நம்பிக்கையை விட வேண்டாம், ஆனால் முயற்சி ஒரே ஒரு முறைதான்.

சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் ஹோல்ட் சுவிட்சை ஒரு தடவை தள்ளித் திருப்பிவிட்டு, மெனுவையும் நடுப் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள், ஆப்பிள் சின்னம் வந்ததும் விரலை எடுத்து உடனே நடுப் பொத்தானையும் பிளே பொத்தானையும் அழுத்துங்கள். டிஸ்க் மோடுக்கு, அதாவது கம்ப்யூட்டரில் பென் டிரைவ் மாதிரி தெரியும் நிலைக்கு, போனால் கம்ப்யூட்டரில் செருகுங்கள். ஆப்பிளின் ஐடியூன்ஸ் மென்பொருள் ‘ரீஸ்டோர் செய்யட்டுமா’ என்று கேட்கும், வேண்டாம் என்று சொல்லுங்கள், செய்தால் உள்ளே இருப்பது மொத்தமும் அழியும். மறைந்திருக்கும் ஃபோல்டர்களைக் காட்டும்படி வைத்தால் ‘ஐபாட் கண்ட்ரோல்’ என்று ஒன்று தெரியும், அதற்குள் ‘மியூசிக்’. பாட்டுகள் எல்லாம் அங்கே நாலெழுத்துப் பெயரில் சிதறிக் கிடக்கும், பயப்படாதீர்கள், உண்மையான பெயர் பெரும்பாலும் ஃபைலுக்குள்ளேயே பதிந்திருக்கும். ‘டைட்டில்’ என்ற வரிசையைப் போட்டுக்கொண்டு முதலில் அம்மா பாட்டை மட்டும் தேடி எடுங்கள், மற்றதெல்லாம் பிறகு. (உங்கள் ஐபாட் மேக் கம்ப்யூட்டரில் ஃபார்மேட் செய்ததாக இருந்தால் விண்டோஸ் அதைப் படிக்காது, மேக் வைத்திருப்பவரிடம் போங்கள்.)

கம்ப்யூட்டரில் தெரியவே இல்லை, சத்தம் மட்டும் வருகிறது என்றால் அத்தோடு நிறுத்திவிட்டு, டேட்டா மீட்பு வேலையே செய்பவரிடம் கொடுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள், செய்யவே செய்யாதீர்கள், வெளியே எடுத்ததும் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

சரி, இனி புதுசு. கிளாசிக் தயாரிப்பு 2014-இலும், கடைசியாக மிஞ்சிய ஐபாட் டச் 2022-இலும் நின்றுவிட்டன. ஆனால் கிளாசிக்கின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன அடாப்டரில் மெமரி கார்டு போட்டு ஓட்டுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், சுழலுகிற பாகமே இல்லாததால் மறுபடி விழுந்தாலும் இந்தப் பிரச்சினை வராது, பேட்டரியும் கூடுதல் நேரம் நிற்கும். உங்களுடையதையே அப்படி மாற்றுவதுதான் எனக்குப் பிடித்த வழி. நீங்களே திறக்க வேண்டாம், அந்த ஸ்டீல் மூடி கிளிப்புகளால் இறுகப் பிடித்திருக்கும், அவசரத்தில் நெம்பினால் மூடியோடு ஒட்டிய கேபிள் கிழியும். பாட்டு பத்திரமாக வெளியே வந்த பிறகு, பழக்கப்பட்டவர் கையில் கொடுங்கள்.

அது முடியாவிட்டால் புதுப் பிளேயர். 1979-இல் வந்த வாக்மேன் என்ற பெயரில் சோனி இன்றும் பிளேயர் விற்கிறது, வேறு கம்பெனிகளும் உண்டு, ஆனால் பலவற்றில் முன்பக்கம் முழுக்கத் தொடுதிரைதான். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அந்தக் கட்டை விரல் பற்றியது. அதனால் கடையில் முதலில் பார்க்க வேண்டியது ஒலித் தரம் அல்ல. பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, பார்க்காமல் அடுத்த பாட்டுக்குப் போக முடிகிறதா, ஒலியைக் குறைக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் அது எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் நீங்கள் ஒரு மாதத்தில் டிராயரில் போட்டுவிடுவீர்கள். பக்கவாட்டில் அழுத்துகிற பொத்தான் இருந்தாலே போதும். அணைத்துப் போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறதா என்றும், பாட்டின் பெயரைத் தமிழில் எழுதி வைத்திருந்தால் எழுத்து வருகிறதா, கட்டம் கட்டமாக வருகிறதா என்றும் பாருங்கள். இடம் பற்றிக் கவலை வேண்டாம், 320 கேபிபிஎஸ் என்ற ஒலித் தரத்தில் நாலு நிமிஷப் பாட்டு சுமார் 10 எம்பி, 128 ஜிபி கார்டில் பன்னிரண்டாயிரம் பாட்டு தாராளமாகப் பிடிக்கும்.

போன் போதும் என்று வீட்டில் சொல்வது தப்பில்லை, அவர்களுக்குப் போதும். அம்மா பாடிக்கொண்டிருக்கும்போது நடுவில் யாரோ கூப்பிடுவது உங்களுக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

கேள்வி: டிராயரில் கிடந்த என் பழைய எம்பி3 பிளேயரின் பின்பக்கம் லேசாக உப்பியிருக்கிறது. சார்ஜ் போட்டுப் பார்க்கலாமா?

பதில்: கூடாது. உப்பியிருப்பது உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி, வாயு சேர்ந்துவிட்டது. அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள், தீப்பிடிக்கும். எளிதில் எரியாத இடத்தில் தனியாக வைத்துவிட்டு, பேட்டரி மாற்றுகிறவரிடம் எடுத்துப் போங்கள். பாட்டு இருப்பது வேறு சிப்பில், பெரும்பாலும் அது அப்படியே இருக்கும்.